ஏச்சில் ஒரு பங்கு

அந்த அக்காவிடம் ஏச்சு வாங்காதவர்கள் தெருவிலேயே யாரும் கிடையாது என்றுதான் நான் ரொம்ப நாள் நம்பியிருந்தேன். எங்கள் பக்கத்தில் திட்டு என்று சொல்வதில்லை, ஏச்சு. மற்றவர்கள் ஏசினால் எனக்கு அழுகை வரும். அக்காவிடம் வாங்கி முடித்தால் நன்றாகப் பசிக்கும்.

தூத்துக்குடியில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு கயிற்றுக் கடை. நைலான் கயிறு, வலை, மிதவை, ஈயக்குண்டு என்று படகுக்காரர்களுக்கு வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்கும். அக்காதான் முதலாளி. ஐம்பது தாண்டிய வயது. மாடியில் நாங்கள் மூன்று பேர் வாடகைக்கு இருந்து அனிமேஷன் படம் செய்துகொண்டிருந்தோம். கதையும் இயக்கமும் நான். வரைவது வேம்பார்க்காரன் ஜெரால்டு. ஒலியும் எடிட்டிங்கும் காயல்பட்டினத்து முபாரக். எங்கள் தொழில் முழுவதையும் அக்கா 'பொம்மைப் படம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

அக்காவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், "யாருளா என் பேர ஊருக்கெல்லாம் போடச் சொன்னது" என்று ஏசுவார். எழுதாவிட்டால், "பேரு போட வாய் வலிக்குதாக்கும்" என்று ஏசுவார். இரண்டில் எது சின்ன ஏச்சு என்று யோசித்து இரண்டாவதைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

குடிவந்த முதல் இரண்டு நாள் எங்களிடம் 'வாங்க, போங்க' என்று பேசினார். எனக்கு அது பிடித்திருந்தது. ஜெரால்டுக்குத்தான் என்னவோ போலிருந்தது. மூன்றாம் நாள் நாங்கள் செருப்பை மாடிப்படியிலேயே கழற்றிப் போட்டுவிட்டு மேலே போனோம். அரை மணி நேரத்தில் கீழேயிருந்து குரல் வந்தது.

"ஏளா, மேல இருக்கவளே. படி என்ன செருப்புக் கடையா? கயித்துக் கட்டத் தூக்கிக்கிட்டு ஏறுதவன் கண்ணு என்ன கால்லயா இருக்கு? அவன் விழுந்து மண்டைய ஒடைச்சா நீ பொம்மைப் படம் போட்டுக் காட்டுவியா? மூதி, கீழ எறங்கு."

நான் முகம் சிவந்துபோய் இறங்கினேன். கூட வந்த ஜெரால்டு சிரித்துக்கொண்டே காதில் சொன்னான்: "பயப்படாதீங்க. நம்மளையும் சேத்துக்கிட்டாவ."

அவன் சொன்னது எனக்குப் புரிய ஒரு மாதமாயிற்று. விசைப்படகு நாலு வைத்திருக்கிற முதலாளி வந்தாலும் ஏச்சு, ஒரு முழம் கயிறு கேட்டு வருகிறவருக்கும் ஏச்சு. மாதா கோயில் பூசையில் பிரசங்கத்தை நீட்டி முழக்கிய சாமியாருக்கு, கடை வாசலில் வைத்தே, "மாதாவே, சோத்து ஒலய அடுப்புல வச்சிட்டு வந்திருக்கோம்னு நெனப்பு வேண்டாமா சாமி" என்று ஏச்சு. போன் எடுத்தால் இணைப்புக் கிடைக்குமுன் பேசுகிற பதிவுக் குரலுக்கு, அது பேசி முடிக்கும்வரை கூடவே ஏச்சு. வழி சொல்லுகிற மேப் அம்மாவை, "நான் பொறந்த ஊர்ல எனக்கு வழி சொல்லுதாளே" என்று அக்கா பிடித்த பிடியில் ஆட்டோக்காரர் போனையே அணைத்துவிட்டார்.

ஆனால் அதில் ஓர் ஒழுங்கு இருந்தது. ஆள் கறுப்பா, குட்டையா, என்ன சாதி, யார் பெற்றது என்கிற பக்கமே அக்காவின் ஏச்சு போகாது. செய்த காரியத்தை மட்டும் பிடித்து உலுக்கும். சாயந்திரத்துக்குள் அவருக்கே அது மறந்துபோகும். நான் சென்னையில் பெரிய ஸ்டூடியோக்களில் வேலை பார்த்தவள். அங்கே எல்லாரும் மரியாதையாகப் பேசுவார்கள், யார் கறுப்பு என்பதும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

முபாரக் நோன்பு வைத்திருந்த மாதம் நானும் ஜெரால்டும் ரொம்ப நாகரிகமாக நடந்துகொண்டோம். அவன் முன்னால் தண்ணீர் குடிக்க மாட்டோம். மெதுவாகப் பேசுவோம். அவனை வேலையே வாங்க மாட்டோம். அக்கா ஒருநாள் மாடிக்கு வந்தார். முபாரக் மின்விசிறியைப் போட்டுவிட்டு ஜன்னலையும் திறந்து வைத்திருந்தான். வலைத் தூசி மொத்தமும் உள்ளே வந்து கம்ப்யூட்டரில் படிந்திருந்தது.

"ஏலே முபாரக்கு, நோன்பு ஒனக்கா, ஒன் மூளைக்கா?" என்று ஆரம்பித்தவர் பத்து நிமிடம் நிறுத்தவில்லை. நான் பதறிப்போனேன். அவர் இறங்கிப் போனதும் முபாரக் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான். "உங்க ரெண்டு பேரு கூட இருக்கறப்ப ஆஸ்பத்திரில படுத்திருக்க மாதிரியே இருந்துச்சு. இப்பத்தான் ஆபீஸ்ல இருக்கேன்" என்றான். அன்றைக்கே அவன் சொன்னதை நான் யோசித்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

அந்த வருஷம் எங்களுக்கு ஒரு பெரிய வேலை வருகிற மாதிரி இருந்தது. சென்னையில் ஒரு கம்பெனி குழந்தைகளுக்கான செயலி ஒன்றுக்குத் தமிழில் அனிமேஷன் தொடர் தேடிக்கொண்டிருந்தது. முதல் பகுதியை நாங்கள் கைக்காசில் செய்து கொடுக்க வேண்டும். பிடித்திருந்தால் பதின்மூன்று பகுதி. பிடிக்காவிட்டால் மாடியைக் காலி செய்துவிட்டு மூன்று பேரும் மூன்று ஊரில் வேலை தேட வேண்டியதுதான். அது எங்கள் மூவருக்கும் நன்றாகத் தெரியும் என்பதால் யாரும் அதைப் பேசுவதில்லை.

கம்பெனி ஒரு பட்டியலும் அனுப்பியிருந்தது. இந்தக் காலத்துத் தொடர் எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடிக்க வேண்டும், எல்லாப் பிள்ளைகளும் அதில் இருக்க வேண்டும். அதனால் முக்கியப் பாத்திரம் பெண் குழந்தையாக இருக்கட்டும். எல்லாரையும் வெள்ளையாக வரையாதீர்கள். ஒரே மதத்துப் பிள்ளைகளாக வேண்டாம். மாற்றுத்திறனாளிக் குழந்தை ஒன்று அவசியம். நான் பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக டிக் அடித்தேன். ஐந்து பிள்ளைகள், வள்ளம் என்கிற ஒரு சின்னப் படகு என்று கதை பிறந்தது. ஐந்தாவது பிள்ளை மலர். சக்கர நாற்காலியில் இருப்பாள். அவளை மற்றவர்கள் தூக்கி வள்ளத்தில் வைத்துக்கொள்வார்கள். கரையில் விட்டுவிட்டுப் போகாமல் கூடக் கூட்டிப் போகிறார்களே என்று எனக்கு என்மேலேயே பெருமை.

ஐந்து பேரும் கேட்காமல் ஒரு வள்ளத்தை அவிழ்த்துக்கொண்டு கடலுக்குப் போய், இன்ஜின் நின்றுபோய், மலர் சொன்ன யோசனையால் கரை சேருகிறார்கள். கரையில் வள்ளத்துக்காரப் பெண்மணி காத்திருக்கிறாள். நான்கு பேரையும் பெயர் சொல்லிச் சொல்லி ஏசுகிறாள். மலரை மட்டும் அணைத்து முத்தம் கொடுக்கிறாள். படம் முடிகிறது.

திங்கட்கிழமை அனுப்ப வேண்டும். புதன்கிழமை மதியம் அக்காவுக்குப் போட்டுக் காட்டினோம். அவருக்குப் பொம்மைப் படம் புதிதல்ல. கடையில் கயிற்றுக் கட்டுகளுக்கு நடுவே ஒரு சின்ன டிவி உண்டு. மதியம் மீன்குழம்புச் சோற்றைப் பிசைந்துகொண்டே அதில் கார்ட்டூன்தான் பார்ப்பார். சீரியல் வைத்தால், "எல்லாவளும் நல்லாத் தின்னுட்டு அழுதாளுவ" என்று மாற்றிவிடுவார்.

எங்கள் படத்துக்கும் நன்றாகச் சிரித்தார். வள்ளம் கரைக்கு வந்ததும் முகம் மாறியது.

"இந்தப் பொம்பளைக்கு யாரு கொரலு?"

"நாந்தான் அக்கா. சும்மா தற்காலிகத்துக்குப் பேசிவச்சது."

"அதான. ஏசவே தெரியல. காய்ச்சக் கோழி மாதிரி இருக்கு." திரையில் மலரைத் தொட்டுக் காட்டினார். "அந்த அஞ்சாவது பிள்ள யாரு வீட்டுக்கு வந்திருக்கா?"

"அவளும் இந்த ஊர்தான் அக்கா. இவங்க கூட்டாளி."

"பொறவு ஏன் அவள மட்டும் ஏசல? விருந்தாளியத்தான ஏச மாட்டோம்."

மாற்றுத்திறனாளிக் குழந்தையை ஏசுகிற மாதிரி காட்டினால் பார்க்கிறவர்கள் வருத்தப்படுவார்கள், கம்பெனியும் ஒத்துக்கொள்ளாது என்று விளக்கினேன்.

"வள்ளத்த அவுத்துட்டுப் போகும்போது அவளும் உள்ள இருந்தாள்லா?"

"இருந்தா."

"சிரிச்சிக்கிட்டுத்தான இருந்தா?"

"ஆமா."

"அப்பம் நாலு பேரு வாங்கிக் கட்டுததை அவ உக்காந்து வேடிக்க பாக்கணுமாக்கும். நல்லாருக்குளா ஒன் நியாயம்."

ஜெரால்டு அப்போதுதான் மெல்ல ஒரு விஷயம் சொன்னான். அனிமேஷனில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் முகபாவங்களை முன்கூட்டியே வரைந்து வைத்துக்கொள்வோம். கோபம், பயம், திருட்டு முழி என்று மற்ற நாலு பிள்ளைகளுக்கும் பன்னிரண்டு பன்னிரண்டு முகம் வைத்திருந்தோம். மலருக்கு இரண்டுதான். சிரிப்பு ஒன்று, பெரிய சிரிப்பு ஒன்று. வேறு முகம் தேவைப்படும் என்று எங்கள் மூன்று பேருக்குமே தோன்றவில்லை.

எனக்கு அவமானமாக இருந்தது. அதனால் கோபம் வந்தது. வாயில் வந்ததைக் கேட்டுவிட்டேன். "நீங்க மட்டும் ஜெனிய என்னைக்காவது ஏசியிருக்கீங்களா அக்கா?"

ஜெனி, அக்காவின் கடையில் வலை நிறுக்கிற பெண்ணின் மகள். பதினோரு வயது. பிறந்ததிலிருந்து கால் வராது. பள்ளிக்கூடம் விட்டதும் சக்கர நாற்காலியில் கடை வாசலோரம் இருப்பாள். பக்கத்து டீக்கடைக்காரரின் இரட்டைப் பையன்கள் வந்து கயிற்றைத் தொட்டால் அக்கா தெரு முனை வரை கேட்கும்படி ஏசுவார். ஜெனியிடம் மட்டும் 'தங்கம்', 'ராசாத்தி'. கையில் தினமும் ஒரு மிட்டாய். நான் எத்தனையோ சாயந்திரம் அதைப் பார்த்து உருகியிருக்கிறேன்.

அக்கா எழுந்து கீழே போய்விட்டார்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அக்கா யாரையும் ஏசவில்லை. தெருவே நிலைகொள்ளாமல் போயிற்று. கயிறு வாங்க வந்தவர்கள் மருந்து வாங்க வந்தவர்களைப் போல நின்றார்கள். "அக்காக்கு சுகமில்லையா?" என்று இரண்டு பேர் மாடி ஏறி வந்து என்னிடம் கேட்டார்கள். செருப்பை வேண்டுமென்றே படியில் போட்டுப் பார்த்தேன். ஓரமாக எடுத்து வைத்திருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சனிக்கிழமை காலையில் மாடிக்கு வந்தார். "அந்தப் பொம்பளைக்கு நான் பேசுதேன். ஆனா அஞ்சு பேரையும் ஏசுவேன். சம்மதமா?"

"கம்பெனிக்காரங்க திருப்பி அனுப்பிட்டா நாங்க கடையைச் சாத்தணும் அக்கா."

"சாத்து. விருந்தாளிய வச்சிக் கத சொல்லுததுக்குச் சாத்துறது மேலு."

சரி, பேசிப் பார்ப்போம், சேர்ப்பதா வேண்டாமா என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வந்தார். சுவரில் போர்வைகளைத் தொங்கவிட்டு முபாரக் மைக்கை வைத்தான். தாளைப் பார்த்து ஏசச் சொன்னால் அக்காவுக்கு வரவில்லை. ஆள் முன்னால் நிற்க வேண்டும். ஜெரால்டு ஒரு பிள்ளைக்கு நின்றான், முபாரக் ஒரு பிள்ளைக்கு, நான் இரண்டு பிள்ளைக்கு. எங்கள் பழைய குற்றங்களையெல்லாம் எடுத்துவைத்து அருமையாக ஏசினார். ஐந்தாவதாக மலர். யார் நின்றாலும் அதற்கு மட்டும் குரல் எடுபடவில்லை.

"ஜெனியக் கூட்டிட்டு வா," என்றார்.

ஜெரால்டும் முபாரக்கும் நாற்காலியோடு அவளைத் தூக்கிவந்தார்கள். அவள் அம்மா பின்னாலேயே வந்து வாசலில் நின்றாள். அக்கா ஜெனியைப் பார்த்து வாயைத் திறந்தார். "ஏன் தங்கம் வள்ளத்த அவுத்த?" என்று வந்தது. இன்னொரு தடவை முயன்றார். அதுவும் கொஞ்சல்தான். மூன்றாவது தடவை பாதியில் நிறுத்திவிட்டு, "எனக்கு வரல" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த அக்காவுக்கு ஏச்சு வராததை அன்றுதான் பார்த்தேன். சங்கடமாக இருந்தது.

ஜெனி நாற்காலியை அக்காவின் பக்கம் நகர்த்தினாள். பிறகு சொன்னாள்.

"அக்கா, போன வாரம் புதுக் கயித்துக் கட்டு சிக்கலாப் போச்சில்லா. அது டீக்கட அண்ணமாரு செய்யல. நாந்தான்."

புதுக் கயிற்றுக் கட்டை உள்முனையைப் பிடித்துத்தான் உருவ வேண்டும். வெளிமுனையைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் முறுக்கிக்கொண்டு சிக்கலாகிவிடும். அந்தக் கட்டுக்காக இரட்டையர் இருவரும் வாங்கிய ஏச்சு எங்களுக்கு மாடி வரை கேட்டிருந்தது.

"நீயா?"

"ஆமா. யாரும் என்னையக் கேக்கல."

அக்காவின் முகத்தில் ரத்தம் ஏறுவதைப் பார்த்தேன். அப்புறம் வந்தது ஏச்சு. "ஏளா, நீ பண்ணிட்டு ரெண்டு பயலுவளுக்கு வாங்கிக் குடுத்துட்டு, பக்கத்துலயே இருந்து முட்டாயி தின்னிருக்கியே, மூதி. தொண்டைல எறங்குச்சா? வாயத் தொறந்து நாந்தாம்னு சொல்ல என்ன கேடு?" என்று தொடங்கி, தங்கமும் ராசாத்தியும் இல்லாமல் ஒரே மூச்சாகப் போனார். ஜெனியின் முகம் வெளுத்தது, கண் நிறைந்தது. அவள் அம்மா உள்ளே ஓர் அடி எடுத்து வைத்தாள். நானும் கையை உயர்த்தினேன். அதற்குள் ஜெனி தலையை நிமிர்த்தினாள்.

"சும்மா கத்தாதிய அக்கா. உள்முனையப் பிடிச்சு இழுக்கணும்னு அவனுவளுக்குச் சொல்லிக் குடுத்திய. எனக்குச் சொன்னியளா? எனக்கு முட்டாயிதான குடுத்திய."

ஏச்சு வாங்கும்போது அதுவரை யாரும் அக்காவை எதிர்த்துப் பேசியதில்லை. அக்கா பக்கத்திலிருந்த பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பிள்ளை என்னையும் சேர்த்துத்தான் கேட்டது.

அக்கா உட்கார்ந்தபடியே சொன்னார்: "வாயிருக்குல்லா. கேக்க வேண்டியதான. எதுத்துப் பேசத் தெரியுது, கேக்கத் தெரியல." குரல் கரகரத்தது. ஆனால் ஏச்சாகத்தான் வந்தது.

முபாரக் பதிவை நிறுத்தவே இல்லை. படத்தில் அந்த ஏச்சுக் காட்சியில் பாதி அதுதான். மலர் பேசுகிற மற்ற வசனங்களையும் ஜெனியே பேசித் தந்தாள், மலரின் குரல் அவளுடையதே ஆயிற்று. மூலையில் நோட்டோடு உட்கார்ந்திருந்த ஜெரால்டு ஜெனியின் முகத்தைப் பார்த்துப் பார்த்து மலருக்குப் பத்து முகம் வரைந்திருந்தான். அன்றிரவு தூங்காமல் எல்லாவற்றையும் படத்தில் சேர்த்து, திங்கட்கிழமை அனுப்பிவிட்டோம்.

கம்பெனியிலிருந்து செவ்வாய்க்கிழமை கூப்பிட்டார்கள். படம் நன்றாக இருக்கிறது, அந்த ஏசுகிற இடத்தில் மட்டும் மலருக்கு அன்பாகப் புத்தி சொல்வதாக மாற்ற முடியுமா என்று ஓர் அம்மா பண்பாகக் கேட்டார். முடியாது என்றேன். அவளை ஏச முடியாதென்றால் அவள் எங்கள் படத்திலேயே இல்லை என்று அர்த்தம் என்றேன். ஒரு வாரம் பதிலே இல்லை. அந்த வாரம் அக்கா எங்கள் மூவரையும் ஏசிய ஏச்சு தனிப் புத்தகம் போடப் போதும். அப்புறம் அப்படியே எடுத்துக்கொள்கிறோம் என்று கடிதம் வந்தது.

பதின்மூன்று பகுதியும் முடித்துவிட்டுத்தான் அந்த மாடியைக் காலி செய்தோம். எங்கள் தொடர் எப்படி எல்லாருக்கும் பிடித்தது என்று இப்போதும் சில கூட்டங்களில் பேசக் கூப்பிடுகிறார்கள். நான் எதையெதையோ சொல்லிவிட்டு வருகிறேன். சொல்ல வேண்டியது அந்த ஞாயிற்றுக்கிழமை சாயந்திரத்தைத்தான்.

பதிவு முடிந்து நாங்கள் ஜெனியைக் கீழே இறக்கினோம். "நாற்காலில வைக்காதிய. அந்தக் கோணிச் சாக்கு மேல எறக்கி விடுங்க," என்றார் அக்கா. சிக்கலான கயிற்றுக் கட்டை இழுத்து வந்து அவள் மடியில் போட்டார். டீக்கடை இரட்டையரையும் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லி, இரண்டு பக்கமும் உட்கார வைத்தார். உண்மை தெரிந்ததும் இருவரும் ஜெனியைப் பிடித்துக்கொண்டார்கள். "ஒன்னால எங்க அப்பாட்டயும் அடி வாங்குனோம்ளா, கள்ளி" என்று ஆளுக்கொரு பக்கமாகச் சண்டை. ஜெனியும் விடவில்லை. சண்டை போட்டபடியே மூன்று பேரும் கயிற்றைப் பிரித்தார்கள். இரண்டு மணி நேரம் போயிருக்கும். பாதிதான் முடிந்திருந்தது. அவள் கையெல்லாம் சிவந்திருந்தது.

அவள் அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு வந்தாள். "போதும் ஜெனி. வா, வீட்டுக்குப் போலாம்."

ஜெனி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இரும்மா. இன்னும் முடியல. அக்கா ஏசுவாவ."